இந்த ஒரு தடவை மட்டும்

வெள்ளம் வடிந்த மறுநாள் சென்னையில் டீக்கடை பெஞ்சு தொடங்கித் தொலைக்காட்சி விவாதம் வரை ஒரே புகார்தான். "நம்ம ஊர்ல கட்டட விதியெல்லாம் காலத்துக்கு ஏத்த மாதிரி மாத்தறதே கிடையாது சார்." இது அபாண்டம். நூறு வருஷமாக இந்த ஊர் தன் நில விதிகளை அலுக்காமல் சலிக்காமல் மாற்றிக்கொண்டேதான் இருக்கிறது. திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம், அவசரச் சட்டம், விலக்கு ஆணை, நீட்டிப்பு, நீட்டிப்புக்கு நீட்டிப்பு. இதற்கு மேல் ஓர் ஊர் என்னதான் செய்யும்? மற்ற ஊர்களில் விதியைப் பார்த்துக் கட்டடம் எழுப்புவார்கள். நாம் கட்டடத்தைப் பார்த்து விதி எழுதுகிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

கதையை 1914-15-லிருந்து பிடிக்கலாம். ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அழைத்ததன் பேரில் பேட்ரிக் கெடஸ் என்றொரு ஸ்காட்லாந்துக்காரர் மதராஸுக்கு வந்து இறங்கினார். நீண்ட தாடி, கலைந்த தலை, ஓயாத பேச்சு. நகரமைப்பு என்கிற துறைக்கே பெரியப்பா மாதிரி ஆள். அந்தக் காலத்துச் சுகாதார அதிகாரிகளுக்குக் குளத்தைக் கண்டால் ஆகாது. குளம் இருந்தால் கொசு, கொசு இருந்தால் மலேரியா, ஆகவே மூடு. கெடஸ் நேர்மாறாகச் சொன்னார்: குளத்தை மூடாதீர்கள், சுத்தம் செய்யுங்கள், மீனை விடுங்கள், கொசுவை அது பார்த்துக்கொள்ளும். வெளிநாட்டு நிபுணர் சொன்னால் நாம் மரியாதையாகக் கேட்டுக்கொள்வோம். கேட்டுக்கொண்டார்கள். கூடவே வந்த லான்செஸ்டர் என்ற நகரமைப்பு நிபுணர் 1918-ல் சென்னையின் நகரமைப்பு பற்றி ஒரு புத்தகமே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதையும் வாங்கி அலமாரியில் வைத்தார்கள்.

1920-ல் மதராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. கையில் புதுச் சட்டம். எதன் மேலாவது பிரயோகித்துப் பார்க்க வேண்டாமா? எதிரே ஏரி இருந்தது.

சாதாரண ஏரி அல்ல. மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்தில் ஆரம்பித்து மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை வில்லாக வளைந்து கிடந்த நீர். 'லாங் டேங்க்' என்று வெள்ளைக்காரர்கள் அழைத்தார்கள். நகரத்தின் மேற்கு எல்லையே அதுதான். துரைமார்கள் அதில் படகுப் போட்டி நடத்திப் பொழுது போக்கினார்கள். 1920களில் அதை வடித்து, சுமார் 1,600 ஏக்கர் நிலத்தை வெளியே எடுத்தார்கள். ஊரில் வீட்டு மனைக்குத் தட்டுப்பாடு, மக்கள்தொகை பெருகுகிறது, கருணை கூர்ந்து இந்த ஒரு தடவை மட்டும் ஏரி விட்டுக்கொடுக்கட்டும் என்று நியாயம் சொல்லியிருப்பார்கள். ஏரி ஆட்சேபணை மனு கொடுத்ததாகத் தகவல் இல்லை.

அப்போது ஆட்சியில் நீதிக் கட்சி. புது ஊருக்குத் தியாகராயச் செட்டியாரின் பெயர் வைத்தார்கள்; அதுதான் தி.நகர். நடுவில் இருந்த பூங்காவுக்குப் பனகல் ராஜாவின் பெயர். தெருக்களுக்குக் கட்சிப் பிரமுகர்கள், மாநகராட்சி அதிகாரிகள் பெயர்கள். ஏரியை மறந்துவிட்டார்கள் என்று யாரும் குறை சொல்லக் கூடாது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் எதிர் அபார்ட்மென்ட் பால்கனியில் காயும் லுங்கி தெரியும். பெயர் பொருந்துவது ஐப்பசி, கார்த்திகையில் மட்டும். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு உண்டு, லேக் ஏரியா உண்டு. கரையும் பரப்பும் தபால் முகவரியாகப் பத்திரமாக இருக்கின்றன. ஏரியின் நேரடி வாரிசாக ஒரு கால்வாயும் மிஞ்சியது. வள்ளுவர் கோட்டத்துப் பக்கம் கிளம்பித் தி.நகரைக் கடந்து நந்தனத்தில் அடையாற்றில் விழும் மாம்பலம் கால்வாய். பாகப்பிரிவினையில் ஏமாந்த தம்பியைப் போல, மற்றவர்கள் போட்டதையெல்லாம் சுமந்துகொண்டு இன்றும் அது ஊர்ந்துகொண்டிருக்கிறது.

நுங்கம்பாக்கத்தில் மிச்சம் இருந்த துண்டு 1970களில் வள்ளுவருக்குப் போனது. தமிழ்நாட்டில் வள்ளுவருக்கு நிலம் ஒதுக்கினால் எதிர்த்துப் பேச யாருக்குத் தைரியம் வரும்? திருவாரூர்த் தேரின் சாயலில் 39 மீட்டர் உயரத்துக்குக் கல்தேர் எழுந்தது. 1,330 குறளையும் கல்லில் பொறித்தார்கள். அதில் இரண்டாவது அதிகாரம் முழுக்க மழையின் பெருமை. மழை வந்து தங்கிக்கொண்டிருந்த இடத்திலேயே மழைக்குப் பாராட்டுப் பத்திரம் வாசித்த ஊர் உலகில் வேறு இருக்காது. கட்டிய கருணாநிதியின் ஆட்சி 1976 ஜனவரி 31-ல் கலைக்கப்பட்டது. ஏப்ரலில் குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது வந்து கோட்டத்தைத் திறந்து வைத்தார். கட்டியவர் இல்லாத திறப்பு விழா என்று அந்தக் கதையை இன்றும் உருகிச் சொல்வார்கள். இல்லாமல் போன ஏரியைப் பற்றி உருக ஆள் இல்லை.

இதற்கிடையில் அரசு சும்மா இருக்கவில்லை. 1971-ல் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் பெருநகர வளர்ச்சிக் குழுமம், நமக்கெல்லாம் தெரிந்த பெயரில் சி.எம்.டி.ஏ., உருவானது. முதல் முழுமைத் திட்டம் தயாராகி 1976-ல் வெளியானது. எந்த நிலம் வீட்டுக்கு, எது தொழிலுக்கு, எது விவசாயத்துக்கு என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டியிருந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அடையாறு கரை மீறி ஊருக்குள் வந்து தன் கருத்தைத் தெரிவித்தது. காலக்கெடு முடிந்துவிட்டதால் பதிவு செய்யவில்லை போலும்.

அந்த 1971 சட்டத்தில் 113 என்று ஒரு பிரிவு. சட்டம் எழுதியவர் கடைசிப் பக்கங்களுக்கு வரும்போது களைத்திருப்பார். எந்த நிலத்துக்கும் எந்தக் கட்டடத்துக்கும் இந்தச் சட்டத்தின் எல்லா விதிகளிலிருந்தும் அரசு விலக்கு அளிக்கலாம் என்று எழுதி முடித்தார். நூற்றுச் சொச்சம் பிரிவுகளில் கஷ்டப்பட்டுக் கட்டிய கோட்டைக்கு ஒரு பின்வாசல். சாவி கோட்டையில், அதாவது நிஜமான ஜார்ஜ் கோட்டையில். பக்கவாட்டில் இடம் விடவில்லையா, மாடி கூடிப்போச்சா, தெரு குறுகலா, எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை. இப்படிக் கொடுத்த அறுபதுக்கும் மேற்பட்ட விலக்கு ஆணைகளை ஒரு நுகர்வோர் அமைப்பு உச்ச நீதிமன்றம் வரை இழுத்துக்கொண்டு போனது. சரி, விலக்கு தரலாம், காரணம் எங்கே என்று 2000-ல் நீதிமன்றம் கேட்டது. காரணம் என்ன என்பது ரங்கநாதன் தெருவில் துணி எடுக்க வந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். கோப்பில் எழுத முடியாது, அவ்வளவுதானே.

அரசு இப்படிப் பிறருக்குத்தான் சலுகை காட்டியது என்று நினைத்துவிடக் கூடாது. தனக்கும் தாராளமாகவே காட்டிக்கொண்டது. வீட்டு வசதி வாரியம் ஏரிகளிலேயே மனை போட்டு விற்றது. கூச்சப்பட்டு மறைக்கவும் இல்லை. திட்டத்தின் பெயரே 'ஏரி ஸ்கீம்'. முகப்பேர் ஏரி ஸ்கீம் என்று இன்றைக்கும் கதவு எண்ணோடு கடிதம் போய்ச் சேருகிறது. வாங்கியவர் அரசு ஊழியரோ ஆசிரியரோ, ஆயுள்காலச் சேமிப்பைப் போட்டுக் குலுக்கலில் மனை எடுத்தவர். அரசாங்கமே விற்கிறது, இதைவிட நல்ல தாய்ப்பத்திரம் எங்கே கிடைக்கும் என்று நினைத்தார். பின்னாளில் 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்று மேடையில் முழங்கும்போதெல்லாம் கூவம் கரையில் தார்ப்பாய் கட்டியிருப்பவரைத்தான் விரல் காட்டும். ரசீது வைத்திருப்பவர் பக்கம் அந்த விரல் திரும்பியதில்லை. ரசீது கொடுத்தவர் பக்கம் கேட்கவே வேண்டாம்.

கோயம்பேட்டில் நீர் தேங்கும் தாழ்வான நிலம் இருந்தது. 1996-ல் அங்கே மொத்த விற்பனை அங்காடி. 2002-ல் பேருந்து நிலையம். கட்டியது யார்? விதிகளின் பாதுகாவலரான அதே சி.எம்.டி.ஏ. பக்கிங்காம் கால்வாய்க்குள் தூண் இறக்கிப் பறக்கும் ரயில் விட்டார்கள். படகு போன இடத்தில் ரயில், முன்னேற்றம்தானே? விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதையை அடையாற்றின் மேலேயே பாலம் போட்டுத் தாண்ட வைத்தார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் அரை நூற்றாண்டுக்கு முன் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரப்பு என்று கணக்கு. இன்று அதில் பத்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். தென் சென்னை ஏரிகளின் உபரி நீரெல்லாம் அங்கே வந்து, தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாக நிதானமாகக் கடலுக்குப் போகும் ஏற்பாடு அது. 'சதுப்பு' என்று வருவாய்ப் பதிவேட்டில் ஒரு பத்தி இல்லாததால் அதை யாருக்கும் பயன்படாத தரிசு என்று முடிவு செய்தார்கள். ஒரு பக்கம் மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு, இன்னொரு பக்கம் கடல் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம். கடல் ஆராய்ச்சி செய்பவர்களைத் தண்ணீர் தேடி வருவது ஒரு வகையில் பொருத்தம்தான்.

தனியார் கட்டடங்களின் கதைக்கு வருவோம். இதுதான் நம் வரலாற்றின் பொற்காலம். 1998-ல் 113-க்கு 113-ஏ என்று ஒரு குழந்தை பிறந்தது. அனுமதி இல்லாமல் கட்டியவர்கள், அனுமதியைத் தாண்டிக் கட்டியவர்கள் எல்லோரும் அபராதம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம். இந்த ஒரு தடவை மட்டும். உச்ச நீதிமன்றமும், ஒரு தடவைதானே, போகட்டும் என்றது. 2000-ல் மறுபடி நீட்டிப்பு. 2001-ல் மறுபடி. 2002-ல் மறுபடி. ஒவ்வொரு தடவையும் கெடு தேதி மட்டும் நகர்ந்தது, தீபாவளித் தள்ளுபடி மாதிரி. கட்டட மேஸ்திரிகள் சட்ட அறிஞர்கள் ஆனார்கள். "இப்ப ரெண்டு மாடி ஏத்திருங்க சார், அடுத்த ஸ்கீம்ல கட்டிக்கலாம்" என்று அவர்கள் சொன்ன ஆலோசனை ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. விதிப்படி கட்டியவர் நிலைமைதான் பரிதாபம். பத்தடி இடம் விட்டு, மூன்றாவது மாடியைத் தியாகம் செய்து, சொந்த மைத்துனனிடமே ஏமாளி என்று பெயர் வாங்கினார்.

2006-ல் உயர் நீதிமன்றம், ஒரு தடவை என்றால் ஒரு தடவை என்று பின்னால் வந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. தி.நகரில் சுத்தியல் சத்தம் கேட்கத் தொடங்கியதும், அதாவது பழைய ஏரிக்குள் எழுந்த அடுக்குமாடிக் கடைகளில் கை வைத்ததும், 2007-ல் அவசரச் சட்டம் பறந்து வந்தது. கவனிக்க வேண்டும்: ஏரியை வடிக்க ஒரு சட்டம், ஏரிக்குள் நின்ற கடையைக் காக்க இன்னொரு சட்டம், இடையில் எண்பத்தேழு ஆண்டுகள். அதே 2007-ல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் ஒரு சட்டம் நிறைவேறியது. ஒரே வருஷத்தில் இரண்டையும் செய்யத் தனித் திறமை வேண்டும். 2012-ல் 113-சி வந்தது. 2007 ஜூலை 1 வரை கட்டியதற்கெல்லாம் மன்னிப்பு. அதற்கான விதிகள் 2017-ல் வந்தன. அதே ஆண்டு, அங்கீகாரமற்ற மனைகளுக்கும் வரன்முறை. 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரித்தவை மட்டும். மட்டும் என்ற சொல்லைத் தமிழ்நாட்டு அரசிதழ் அளவுக்குப் பரந்த மனதோடு யாரும் கையாண்டதில்லை.

முதல் முழுமைத் திட்டத்துக்கு அடுத்தது எப்போது வந்தது? 2008 செப்டம்பரில். நடுவே முப்பத்திரண்டு வருஷம். ஊர் செங்கல்பட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு, ஊர் எந்தத் திசையில் வளர வேண்டும் என்று திட்டம் சொன்னது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், அதில் நல்ல விதிகளும் இருந்தன. பெரிய மனைப் பிரிவில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும். நீர்நிலையை ஒட்டி 15 மீட்டர் வரை இடம் ஒதுக்கச் சொல்லலாம். பள்ளிக்கரணையில் மிஞ்சியதில் கை வைக்கக் கூடாது.

கூடவே தடையின்மைச் சான்று என்று ஒன்று. தாழ்வான இடத்தில் கட்டுவதானால், வெள்ளம் தேங்குமா என்று நீர்வளத் துறையிடம் கேட்டு வாங்க வேண்டும். இந்தச் சான்றில்தான் மொத்த நகைச்சுவையும் அடங்கியிருக்கிறது என்பது என் கட்சி. பொறியாளர் வருவார், மட்டக்கருவி வைப்பார், இந்த மனை பள்ளம் என்று கண்டுபிடிப்பார். அடுத்து? 'கட்டக் கூடாது' என்று எழுதுவது அபூர்வம். 'மனையை இத்தனை அடி மண் கொட்டி உயர்த்திக் கட்டவும்' என்று எழுதுவார். பில்டர் லாரி லாரியாகச் சவுடு மண் அடிப்பார். அந்த மனை தப்பித்தது. அங்கே நிற்க வேண்டிய தண்ணீர் எங்கே போகும்? பக்கத்துப் பழைய ஓட்டு வீட்டுக்கு. அந்த ஓட்டு வீட்டை நாளைக்கு வாங்குகிறவர் சான்றுக்குப் போவார். பக்கத்து மனையைவிட அரை அடி உயர்த்தச் சொல்வார்கள். ஒவ்வொரு கோப்பும் தனித்தனியே யோக்கியமானது. எல்லாக் கோப்பையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும் மேசை மட்டும் எந்த அலுவலகத்திலும் இல்லை. மண் கொட்டாதே, வேண்டுமானால் தூண் மேல் கட்டு, கீழே தண்ணீர் நிற்கட்டும். கொட்டியே தீருவாய் என்றால் கொட்டிய அளவுக்கு அதே தெருவில் பள்ளம் வெட்டிக் கொடு. இப்படி இரண்டு வரி எழுதினால் போதும். ஸ்டில்ட் பார்க்கிங் என்று தூண் மேல் கட்டும் பழக்கமும் நமக்கு வந்துவிட்டது. அதற்குள்ளும் வாட்ச்மேன் அறை, மோட்டார் அறை, கிளினிக் என்று சுவர் எழுப்பிவிடுவது வேறு விஷயம்.

2015 டிசம்பர் 1. நவம்பர் முழுக்கப் பெய்து ஏரிகள் நிரம்பியிருந்தன. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அடையாறு தன் பழைய எல்லைக் கற்களைத் தேடிக்கொண்டு வீடுகளுக்குள் வந்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள், அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. விமான நிலையம் சில நாட்கள் மூடிக் கிடந்தது. 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை, இது மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றது. எந்த மனிதர்கள் என்பதில் வழக்கம்போல் எல்லாக் கட்சிகளுக்கும் ஒத்த கருத்து: முந்தைய ஆட்சி.

பாடம் கற்றுக்கொண்டோம். 2019-ல் மாநிலம் முழுமைக்கும் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்தன. சிதறிக் கிடந்ததை ஒரே புத்தகமாக்கினார்கள், அது பெரிய காரியம், பாராட்டலாம். அதோடு, மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்று சொல்லும் எஃப்.எஸ்.ஐ.யை ஒன்றரையிலிருந்து இரண்டாக ஏற்றினார்கள். அதாவது, முழங்கால் தண்ணீரில் நின்ற அதே மனையில் இனி மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கட்டலாம். பொது அறிவு இருந்தால் புரியும்: வெள்ளம் வந்தால் மேலே ஏறி நிற்க மாடி வேண்டுமல்லவா.

2021 நவம்பரில் தி.நகர் மறுபடி மூழ்கியது. அந்தப் பேட்டைக்கு அப்போதுதான் ஸ்மார்ட் சிட்டி அலங்காரம் முடிந்திருந்தது; பாண்டி பஜாரில் வழுவழுவென்று நடைபாதை, உட்கார பெஞ்சு, செடி கொடி. பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் லாங் டேங்க். நூறு வருஷம் கழித்து அந்த ஏரிக்கு லேக் வியூ ரோட்டைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு போட்டார்கள். 2023-ல் அறிக்கை வந்தது. கெடஸ், லான்செஸ்டர் இருக்கும் அலமாரியில் இன்னும் இடம் இருக்கிறது.

2022-ல் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-க்கு விரித்தார்கள். அரக்கோணம் பக்கத்து ஏரிகள்கூட இப்போது சென்னைக்காரர்கள் ஆகிவிட்டன. பாவம், அவற்றுக்கு நம்மைப் பற்றி யாராவது சொல்லி வைக்க வேண்டும். 2046 வரைக்குமான மூன்றாவது முழுமைத் திட்டத்தைப் பற்றிக் கூட்டம் கூட்டமாகக் கருத்துக் கேட்டார்கள். மனை விற்பவர்கள் கருத்து சொல்லிக்கொண்டு நேரத்தை வீணாக்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை இலவச வேன், மதியம் பிரியாணி, முன்பதிவுக்கு ஒரு கிராம் தங்கக் காசு. ஏரியின் கலங்கலுக்கு நேர் கீழே, போக்குக் கால்வாயின் மேல் மஞ்சள் கொடி நட்டு, "இதுதான் சார் முப்பதடி ரோடு."

இதற்கெல்லாம் காத்திருக்க முடியாதவர்கள் ஒரு புது வழி கண்டுபிடித்தார்கள். வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் போனால் பார்க்கலாம். தெருவில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டுப் போட்டு, 1990-ல் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது இரண்டு படி இறங்க வேண்டியிருக்கிறது. வீட்டைச் சுற்றிப் பள்ளம் தோண்டுகிறார்கள். அஸ்திவாரத்துக்கு மேலே சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து இரும்புச் சட்டம் கொடுக்கிறார்கள். அதன் கீழே நூற்றுக்கணக்கில் லாரி ஜாக்கி. மேஸ்திரி குரல் கொடுக்க, ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு திருகு. வீடு நூலளவு எழும்பும். மறுபடி குரல், மறுபடி திருகு. உள்ளே சுவரில் மாட்டிய கல்யாண போட்டோ, பூஜை அறை, மாடியில் தண்ணீர்த் தொட்டி எல்லாம் அப்படியே மேலே போகும். தூக்கிய இடைவெளியில் செங்கல் வைத்துப் பூசிவிடுவார்கள். விதி பின்னால் வந்து சேர்ந்துகொள்ளட்டும், வழக்கம் அதுதானே.

அப்படி ஒரு தெருவில், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மேஸ்திரியைக் கூப்பிட்டு மோர் கொடுத்து உட்கார வைத்துக் கேட்டார். "பக்கத்து வீட்டை எவ்வளவு தூக்கினீங்க தம்பி?"

"நாலு அடி சார்."

"எதிர் வீடு?"

"அவங்களும் நாலுதான்."

வாத்தியார் வாசலுக்கு வந்து இரண்டு வீட்டையும் ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். "நமக்கு நாலரையாப் போட்டுடுங்க."